வளரும் தாவரத் தோட்டமும் நமது கோயிற்காடும்

(நமது சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆரோவில் தாவரத் தோட்டத்தைக் கண்டுவந்த நம் சங்கத்தார் நாற்பது பேரின் சார்பாக, அங்குக் கண்டவற்றையும் அவற்றால் நாம் கொள்ளத்தக்க பயனையும் இச்சபைமுன் எடுத்துரைக்குமாறு நிருவாகக் குழுவினர் எமக்குக் கட்டளையிட்டனர். கண்டதைச் சொல்லுதல் எளிது. கண்டதனால் செய்யவேண்டுவது யாது என்று சொல்லுதலே அரிது. எனினும், வரும் மகாசபையில் நம் குலதெய்வக் கோயிலைச் சார்ந்த காட்டைப் பற்றித் தீர்மானம் ஒன்று வரவிருத்தலின், அவ்வரிய பகுதியையும் விடாது கூறக் கடமைப்பட்டுள்ளோம். பெரியோர் பொறுமையுடன் செவிசாய்க்க வேண்டுகின்றோம்.

தாவரத் தோட்டமாவது யாது?

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். பூங்கா வேறு, தாவரத் தோட்டம் வேறு. மாலையிற் காற்று வாங்கவும், குழந்தைகளை விளையாட விடவும், மலர்களைக் கண்டு மகிழவும் அமைவது பூங்கா. தாவரத் தோட்டமோ செடிகொடிகளின் கல்விச்சாலையும் காப்பகமும் ஆகும். அங்கே மரத்திற்குப் பெயர்ப்பலகை உண்டு. அப்பலகைக்குப் பின்னே ஒரு பதிவேடும் இருத்தல் வேண்டும் என்பது முறை. விதை எக்காட்டிலிருந்து வந்தது, எந்நாளிற் பொறுக்கப்பட்டது, எவ்வாண்டில் நடப்பட்டது என்பன அதிற் குறிக்கப்படும். நம் இல்லங்களிற் பிள்ளை பிறந்தவுடன் சாதகம் கணித்து வைக்கின்றோம் அன்றோ? அது போன்றதே இதுவும். பதிவில்லாத மரமும் நிழல் தரும். ஆயின் ஆராய்வார்க்கு அது பேசாது.

பலகையில் நம் மொழிப் பெயரோடு, உலகெங்கும் வழங்கும் தாவர நூற் பெயரும் எழுதப்படும். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் என்னும் பேரறிஞர் 1753-இல் வெளியிட்ட நூலின் வழியே, ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொற்களாலாய பெயரிடும் முறை நிலைபெற்றது. அப்பெயர்களுள் நம் நாட்டுச் சொற்களும் புகுந்துள்ளன என்பதறிந்து நம் இளைஞர் மகிழலாம். நாம் புங்கம் என்பதனையே தாவர நூலார் பொங்கேமியா என்றனர். நாம் வெட்டிவேர் என்பதனையே வெட்டிவேரியா என்று ஏட்டிலேற்றினர். நம் பாட்டியர் வாயிலிருந்த சொல்லே அயல்நாட்டார் நூலிலும் ஏறியது.

தாவரத் தோட்டங்கள் பழமையானவை. இத்தாலி நாட்டுப் பதுவா நகரில், மருத்துவம் பயிலும் மாணாக்கர் மூலிகைகளை ஐயமறக் கண்டறிதற்பொருட்டு 1545-இல் ஒரு தோட்டம் அமைத்தனர்; அஃது இன்றும் அவ்விடத்திலேயே உள்ளது. இலண்டனை அடுத்த கியூத் தோட்டம் 1759-இல் தொடங்கியது. கல்கத்தாவை அடுத்த சிப்பூரில் இராபர்ட்டு கிட் என்னும் படைத்துறை அதிகாரியின் முயற்சியால் 1787-இல் ஒரு தோட்டம் எழுந்தது. ஈழத்துப் பேராதனைத் தோட்டம் 1821-இலும், புதுச்சேரியிற் பிரெஞ்சுக்காரர் வைத்த தோட்டம் 1826-இலும் தோன்றின.

நம்மவர் பலரும் கண்டுள்ள உதகமண்டலத் தோட்டத்தின் வரலாறு சுவையுடையது. அங்கு வாழ்ந்த ஐரோப்பியர், தமக்கு வேண்டிய காய்கறிகளைப் பயிரிட்டுக்கொள்ளும்பொருட்டுத் தலைக்கு மாதம் மூன்று ரூபாய் சந்தா வைத்துத் தொடங்கியதே அது. 1848-இல் மக்ஐவர் என்பார் அப்பொறுப்பை ஏற்றுப் பல்லாண்டு உழைத்து, மலைச்சரிவையும் சதுப்பையும் இன்று நாம் காணும் வடிவிற்குக் கொணர்ந்தார். அவர் உழைத்த முதல் ஆண்டுகளில் அங்குச் சென்றவர்கள் கண்டவை சேறும், குழியும், முழ உயரக் கன்றுகளுமாகவே இருந்திருக்கும். இன்று நிறைந்து காணப்படும் தோட்டம் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் குறையாய்க் கிடந்ததே என்பதனை மனத்திற் கொள்ள வேண்டுகின்றோம். ஏனெனில் யாம் கண்டுவந்ததும் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு தோட்டமேயாகும்.

ஆரோவிலிற் கண்டவை

புதுச்சேரிக்கு வடக்கே, விழுப்புர மாவட்டத்துச் செம்மண் மேட்டில், 1968-ஆம் ஆண்டு பெப்ருவரி 28-ஆம் நாள் ஆரோவில் என்னும் குடியிருப்பு தொடங்கப்பெற்றது. 124 நாட்டு இளைஞர் தத்தம் நாட்டு மண்ணில் ஒரு பிடி கொணர்ந்து ஒரு தாழியில் இட்டனர் என்பது பலரும் அறிந்த செய்தி. அக்காலத்தில் அம்மேட்டு நிலம் இருந்த நிலை இரங்கத்தக்கது. மரமின்றி வெயிலில் வெந்து, மழை பெய்தால் மண் கரைந்து, சிறு வாய்க்கால்கள் பெருங்கிடங்குகளாகி, செந்நீர் கடலிற் சென்று கலந்தது. அங்குக் குடியேறியோரும் அண்டையூரினரும் கூடிச் சரிவிற்குக் குறுக்கே வரப்பிட்டு, மழை நீரை நிலத்திலேயே நிறுத்தி, மரம் வைத்தனர். அந்நெடு முயற்சியின் ஒரு கிளையாக, 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் 50 ஏக்கர் நிலத்தில் இத்தாவரத் தோட்டம் தொடங்கப்பட்டது. அதிற் பாதியாகிய 25 ஏக்கரில் மரத்தொகுதி ஒன்று அமைத்து, 250 வகையைச் சார்ந்த 5,500-க்கு மேற்பட்ட மரங்களை நட்டுள்ளனர். கள்ளியினங்களுக்குத் தனியிடம், குழந்தைகள் புகுந்து வழி தேடும் செடிவேலிச் சுழல்வழி, நாற்றங்கால், மாணவர்க்குப் பாடம் சொல்லும் ஏற்பாடு ஆகியனவும் உண்டு.

ஐப்பசித் திங்களில், மழை ஓய்ந்திருந்த ஒரு காலைப்பொழுதில் யாம் அங்குச் சென்றோம். உள்ளே நுழைந்து கால் நாழிகை நடந்ததும், எம்முடன் வந்த முதியவர் ஒருவர், "ஏதய்யா இது! ஊட்டியைப் போற் பூப்பாத்தி இருக்குமென்றல்லவோ வந்தோம்? இங்கே வெறும் மரமாக நிற்கின்றதே!" என்றார். அவர் குறை முழுவதும் பிழையன்று. பூப்பாத்தியைத் தேடிச் செல்வார்க்கு அங்கே கண்ணிறையக் காட்சி குறைவே. சில இடங்களிற் கன்றுகள் இன்னும் இடுப்பளவே நின்றன. பாதையின் இரு மருங்கிலும் சில மரங்கள் நிழல் பரப்பும் பருவத்தை எய்திவிட்டன. சில மெலிந்து நின்றன.

ஆயின் அம்முதியவரே சிறிது பொழுதில் ஒரு பலகையின் முன் நின்றுவிட்டார். அதிற் 'காயா' என்று எழுதியிருந்தது. "காயாம்பூ வண்ணன் என்று நாள்தோறும் சொல்லுகின்றோமே, அந்தக் காயாவோ?" என்று வினவினார். ஆம், அதுவே. பூக்கும் காலத்திற் கிளை முழுவதும் நீலம் பூசியது போலச் சிறு பூக்கள் கொத்துக்கொத்தாய் அடர்ந்து நிற்குமாம். எண்பது வயதளவும் திருமாலின் நிறத்திற்கு உவமையாய்ச் சொல்லிவந்த ஒரு மரத்தை, அவர் பெயரறிந்து பார்த்தது அன்றே. நம் வீடுகளில் எத்துணைப் பேர் அம்மரத்தைக் கண்டுள்ளோம் என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்ளல் தகும்.

உலர்நிலப் பசுங்காடு

அத்தோட்டத்தார் மிகுந்த சிரத்தையுடன் வளர்ப்பவை அயல்நாட்டு அழகுச்செடிகள் அல்ல. நம் கடற்கரைச் சமவெளிக்கே உரிய மரங்களாகும். சோழமண்டலக் கரையோரமாக, வடக்கே ஆந்திர நாட்டுக் கரை தொடங்கித் தெற்கே இராமநாதபுரம் வரையில், முன்னாளில் ஒருவகைக் காடு படர்ந்திருந்தது. ஈழத்தின் வடபாலும் அதனைக் காணலாம். தாவர நூலார் அதனை உலர்நிலப் பசுங்காடு என்பர். பெயரே வியப்புடையது. மழை மிகுந்த மலைநாட்டில் ஆண்டு முழுவதும் இலை பசுமையாயிருத்தல் இயல்பு. ஐப்பசி கார்த்திகையில் மட்டும் மழை கொட்டிப் பின் மாதக்கணக்கில் வானம் வறண்டிருக்கும் நம் நாட்டில், கோடையிலும் இலை உதிராது பசுமையாய் நிற்கும் காடு அஃது. அம்மரங்களின் இலைகள் தோல் போலத் தடித்து, மேற்புறம் பளபளத்து, உள்ளிருக்கும் ஈரம் வெயிலில் எளிதிற் போகாவண்ணம் அமைந்துள்ளன. மரங்கள் வானளாவ வளர்வதில்லை. நெருங்கி, குறுகி, கொடிகளாற் பின்னப்பட்டு நிற்கும்.

அக்காட்டு மரங்களின் பெயர் நம் பெரியோர்க்குப் புதியன அல்ல. உலக்கைப்பாலை என்னும் மரத்தை எண்ணுக. அதன் வயிரம் உலக்கைக்கு ஏற்றது என்பது பெயரிலேயே விளங்கும். அதன் பழம் இனிது. ஈழத்து வன்னிக் காடுகளிற் பாலைப்பழத்தை மக்கள் விரும்பி உண்பர். மகிழ மரத்தைச் சொல்லவே வேண்டா; உலர்ந்தும் மணம் மாறாத அப்பூவைக் கோத்து அணியாத தாய்மார் நம்முள் இரார். கருங்காலி, வீரை, நாவல், எட்டி, காயா ஆகிய இவையெல்லாம் அக்கூட்டத்தினவே. இக்காடு விறகிற்கும், உழவிற்கும், ஊர் விரிவிற்குமாக வெட்டுண்டு வெட்டுண்டு, இந்நாளிற் சிற்சில துண்டுகளாகவே எஞ்சியுள்ளது.

எஞ்சிய துண்டுகள் எங்கே உள்ளன என்பீரேல், கோடிக்கரை போன்று அரசினர் காக்கும் சில இடங்கள் நீங்கலாக, பெரும்பாலும் ஐயனார் கோயில்களையும் அம்மன் கோயில்களையும் சூழ்ந்தே உள்ளன. ஆரோவிலுக்கு வடக்கே கடற்கரைச் சாலையருகிற் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீசுவரர் ஐயனார் கோயிற்காட்டை நம்மவர் சிலரும் கண்டிருக்கலாம். ஆராய்ச்சியாளர் பலர் நாடிச்சென்று மரங்களை எண்ணிக் கணக்கெடுத்த காடு அது. அரசாணையோ வேலியோ அதனைக் காத்தில. கோயிற்காட்டிற் கத்தி வைத்தலாகாது என்று நம் முன்னோர் இட்ட ஒரு கட்டுப்பாடே காத்தது.

விதையின் ஆயுள்

இனி, யாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்திற்கு வருகின்றோம். நாற்றங்காலில் வரிசையாக வைத்திருந்த கன்றுகளைக் காட்டிய பணியாளர் அம்மையாரை நோக்கி, "அம்மா, இவற்றின் விதையை எங்கே விலைக்கு வாங்குகின்றீர்கள்?" என்று நம் தாய்மாருள் ஒருவர் வினவினார். அவ்வம்மையார் நகைத்து, "இவை கடையிற் கிடைக்குமா? பழுக்கிற காலத்திற் கோயிற்காட்டிற்கும் மிச்சமிருக்கிற காட்டிற்கும் போய்ப் பொறுக்கித்தான் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த கையோடு போட்டுவிட வேண்டும்" என்றார்.

அவ்வம்மையார் எளிய சொல்லிற் கூறியது தாவர நூலார் ஒப்பும் உண்மையாகும். நெல்லையும் கேழ்வரகையும் நாம் குதிரிலிட்டு வைத்து மறுவருடம் விதைக்கின்றோம், அவை முளைக்கின்றன. எல்லா விதைகளும் அத்தன்மையன அல்ல. நாவற்கொட்டையைப் பழத்தினின்று எடுத்து இரண்டொரு வாரம் வைத்தாற் போதும்; முளைக்கும் ஆற்றல் பெரும்பாலும் அற்றுப்போம். வேப்பங்கொட்டையும் சில வாரங்களில் வலியிழக்கும். இத்தகைய விதைகளைப் பெட்டியிற் பூட்டி வைத்து, நமக்கு வசதியான காலத்தில் எடுத்து நடுதல் இயலாது. ஆதலின் அத்தகைய மரத்தினத்தைக் காப்பதற்கு வழி, பழுத்து விதை உதிர்க்கும் தாய்மரம் எங்கேனும் உயிருடன் நிற்றலேயாம். தாய்மரம் போயின், எத்துணைப் பொருள் இருந்தாலும், எத்துணை அறிஞர் கூடினாலும், தோட்டம் வைத்தல் அரிது.

மேலும் ஒன்று. ஒரே தாய்மரத்து விதைகளையே நட்டு வளர்த்தால், வரும் தலைமுறை ஒரே குடும்பத்துள்ளே கொண்டு கொடுத்ததற்கு ஒப்பாகி வலிமை குன்றும். ஆதலால் ஒரு வகைக்குப் பல தாய்மரங்கள் வேண்டும். அம்மரங்களின் பழத்தை உண்டு விதையைப் பிறவிடங்களிற் பரப்பக் குயிலும், கொண்டைக்குருவியும், பழந்தின்னி வௌவாலும், மரநாயும் வேண்டும். விதை விழுமிடத்தில் ஈரம் காக்கச் சருகும், இளங்கன்று வெயிலிற் கருகாதிருக்க நிழலும் வேண்டும். இவையனைத்தும் ஒருங்கு கூடியதே காடு. தோட்டத்தார் ஆட்களை வைத்து, நீர் பாய்ச்சி, ஆடு மாடு வாராது காத்து, இருபத்தைந்து ஆண்டுகளாக அரும்பாடுபட்டுச் செய்வதை, கோயிற்காடு ஒருவர் கைப்படாமலே செய்துகொண்டிருக்கின்றது.

விரைந்து வளரும் அயல்நாட்டு மரங்களை வைத்துவிட்டாற் காடாகிவிடாதோ எனிற் கூறுதும். ஆரோவிலில் வெற்று நிலத்தை மூடுதற்பொருட்டு முதலில் ஆஸ்திரேலியா நாட்டு வேலமரவகை ஒன்றை மிகுதியாக நட்டனர். அது நிழல் தந்தது, மண்ணைப் பிடித்தது, நம் நாட்டுக் கன்றுகள் அதன் மறைவில் வளர்ந்தன. அவ்வளவில் அது நன்றே. ஆயின் 2011-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் 'தானே' என்னும் புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்குமிடையே கரையேறியபோது, அம்மரங்கள் பெருவாரியாகச் சாய்ந்தன. விரைந்து வந்தது விரைந்து போயிற்று. பாலையும் கருங்காலியும் மெல்ல வளர்வன. நட்டவன் நிழலில் அமரக் கொடுத்துவைக்காது, அவன் பேரனே அமர்வான். அத்தகைய மரத்தை ஆண்டுக் கணக்கால் அன்று, தலைமுறைக் கணக்கால் எண்ணுதல் வேண்டும்.

நமது கோயிற்காடு

எம்முடன் வந்தவருள் நம் மாணவியர் விடுதியில் தங்கித் தாவரவியல் பயிலும் பெண்மணி ஒருவரும் இருந்தார். அவர் தோட்டத்துப் பலகைகளிற் கண்ட பெயர்களையெல்லாம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வந்தார். திரும்பும் வழியில் நம் குலதெய்வக் கோயிலில் இறங்கி வழிபட்டபோது, அப்பெயர்களை ஒவ்வொன்றாகப் பூசாரியார்முன் வாசித்தார். பூசாரியார் "இது வடக்கு மூலையில் நிற்கிறது, இது குதிரைச் சிலைக்குப் பின்னால் நிற்கிறது, இது பெரியவர் காலத்தில் இருந்தது இப்போது இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முடிவில் எண்ணிப் பார்க்க, தோட்டத்திற் பலகையிட்டுப் போற்றும் மரங்களுட் பதினொரு வகை நம் கோயிற்காட்டில் உயிருடன் நிற்கின்றன என்று தெரியவந்தது. அவற்றுட் காயாவும் ஒன்று. எண்பது வயது முதியவர் காயாவைத் தேடி அத்துணைத் தொலைவு சென்றிருக்க வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் பொங்கலிட்டு வரும் இடத்திலேயே அது நின்றுகொண்டிருந்தது. பலகை இல்லாமையால் நாம் அறிந்திலோம்.

இக்காட்டையே வெட்டி, திருமண மண்டபமும் வண்டிகள் நிறுத்தும் இடமும் அமைக்கவேண்டும் என்பது மகாசபைமுன் வரவிருக்கும் தீர்மானம். அதனைக் கொணர்வோர் நம் சமூகத்தின் நன்மையை நாடுவோரே. அவர்களை யாம் குறை கூறோம். நம்முள் எளிய குடும்பத்தார் பெண்ணுக்கு மணம் முடிக்க நகரத்து மண்டபங்களுக்குக் கொடுக்கும் வாடகையிற் கடனாளியாகின்றனர் என்பது உண்மை. ஆடித் திருவிழாவிற்கு வருவோர் வண்டிகளைச் சாலையிலேயே நிறுத்தி இடர்ப்படுகின்றனர் என்பதும் உண்மை. மண்டபம் வேண்டும் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அக்காடு நிற்குமிடத்தில்தான் வேண்டுமோ என்பதே வினா.

மண்டபத்தைப் பொருள் சேர்ந்தால் ஓராண்டிற் கட்டலாம்; சாலையோரத்திற் சங்கத்திற்குரிய புஞ்சை நிலத்திலும் கட்டலாம். அங்கே கட்டினால் வண்டி நிறுத்தவும் இடம் உண்டு. கோயிலுக்கு நடந்துவரும் தொலைவும் மிகுதியன்று. காட்டை அங்ஙனம் இடம் மாற்றுதல் இயலாது. "வெட்டிவிட்டுப் பின்னர் வேறிடத்தில் இரட்டிப்பாக நட்டுக்கொள்வோம்" என்று நண்பர் சிலர் கூறுகின்றனர். அவர்களுக்கு யாம் சொல்லும் விடை, ஆரோவிலுக்கு ஒருமுறை சென்று பாருங்கள் என்பதே. 50 ஏக்கர் நிலமும், பயின்ற ஆட்களும், இருபத்தைந்து ஆண்டுக் காலமும் இருந்தும் அத்தோட்டம் இன்னும் இளமைப் பருவத்திலேயே நிற்கின்றது. அவர்கட்கு விதை வேண்டின் நம்முடையதைப் போன்ற கோயிற்காட்டிற்கே வருதல் வேண்டும். நம் காட்டை நாம் வெட்டிவிட்டு மீண்டும் வளர்க்க விரும்பினால், நாம் யாரிடத்தில் விதை கேட்பது?

"பெரிய மரங்கள் நான்கைந்தை விட்டுவிட்டு மற்றவற்றை வெட்டலாமே" என்று இடைவழி கூறுவாரும் உளர். அங்ஙனம் நிற்கும் மரம், உற்றார் அனைவரையும் இழந்து முற்றத்தில் தனித்திருக்கும் முதியவரை ஒக்கும். சுற்றிலும் தளமிட்ட தரையில் அதன் விதை விழும், முளைக்காது. அம்மரம் நிற்கும்வரை நிற்கும். அதனோடு அதன் வழி முடியும்.

இக்காட்டால் நமக்கு மட்டுமன்று, ஊராருக்கும் பயன் உண்டு. காட்டினின்று வடியும் மழைநீரே அருகிலுள்ள ஊருணியை நிரப்புகின்றது. அவ்வூருணி நீரை எடுப்போர் நம் சமூகத்தார் மட்டுமல்லர். எல்லா வகுப்பினரும் எடுக்கின்றனர். சட்டப்படி நிலம் நமதாயிருக்கலாம். நீரின் பயன் பொதுவன்றோ? பிறர்க்கும் உதவும் ஒன்றை நம் வசதிக்காக அழித்தோம் என்னும் பழி நம் சங்கத்திற்கு வேண்டா.

நம் முன்னோர் தெய்வத்திற்கு அஞ்சி இக்காட்டைக் காத்தனர். பொங்கலிடுவதற்கும் உள்ளே உதிர்ந்த சுள்ளியையே பொறுக்கினர். ஒரு சுள்ளியையும் வீட்டிற்குக் கொண்டுசெல்லத் துணிந்திலர். இந்நாளிற் படித்த இளைஞர்க்கு அவ்வச்சம் குறைந்துள்ளது. அச்சம் குறைந்தாற் குற்றமில்லை. அச்சம் இருந்த இடத்தில் அறிவு வந்து அமர்தல் வேண்டும். அச்சமும் போய், அறிவும் வாராதிருக்குமாயின், அவ்விடைவெளியில் நுழைவது கோடரியே.

செய்யத்தக்கவை

ஆதலின் தோட்டத்தைக் கண்டுவந்த நாற்பது பேரும் கலந்து பேசி, பின்வருவனவற்றை இச்சபைக்கு விண்ணப்பித்துக்கொள்கின்றோம்.

முதலாவது, மண்டபத்தைச் சாலையோரத்துப் புஞ்சையிற் கட்டுவதென்றும், கோயிற்காட்டில் ஒரு மரமும் வெட்டுவதில்லையென்றும் மகாசபை தீர்மானித்தல் வேண்டும்.

இரண்டாவது, தாவரவியல் பயிலும் நம் மாணவ மாணவியர், பூசாரியாரையும் முதியோரையும் உடன் கொண்டு, காட்டிலுள்ள மரம் செடி கொடிகளை ஒன்றுவிடாமல் எண்ணி ஒரு பதிவேடு எழுதுதல் வேண்டும். பூசாரியார்க்கு வயது மிகுந்துவிட்டது. வடக்கு மூலையில் நிற்பது யாது என்று சொல்ல அவர் இருக்கும்போதே இதனைச் செய்தல் நலம். மரத்தில் ஆணி அறையாமல், அருகே கம்பு நட்டுத் தமிழ்ப் பெயரும் தாவர நூற் பெயரும் எழுதிய பலகைகளை வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, பழுக்கும் பருவந்தோறும் விதை பொறுக்கி, கோயிற் கிணற்றருகே ஒரு சிறு நாற்றங்கால் வைத்தல் வேண்டும். உதிர்ந்தவற்றில் ஒரு பகுதியைப் பறவைக்கும் காட்டிற்குமென விட்டு, மிகுந்ததையே எடுத்தல் முறை. அக்கன்றுகளை நம் பள்ளிக்கூடத்திலும், விடுதிகளிலும், புதிய மண்டபத்தைச் சுற்றியும் நடலாம். ஐப்பசி மழை தொடங்குமுன் குழி தோண்டி, மழை விழுந்ததும் நட்டு, இரண்டு மூன்று கோடைகள் நீர் ஊற்றி, ஆட்டுக்கு வேலி கட்டினால், பின்னர் அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

நான்காவது, மணமக்கள் ஒவ்வொருவரும் திருமண நாளில் ஒரு கன்றை ஏற்றுத் தம் ஊரில் நடுவதென ஒரு வழக்கத்தை நம் சமூகத்தில் ஏற்படுத்தல் வேண்டும். இதனாற் செலவு ஒன்றுமில்லை. கன்றின் பெயரும் நட்ட நாளும் நமது பத்திரிகையில் மணச் செய்தியோடு வெளிவரலாம்.

ஐந்தாவது, தோட்டம் வளர்ப்போர் எவரேனும் விதை வேண்டி வந்தால், நம் காட்டிலிருந்து மனமுவந்து கொடுத்தல் வேண்டும். கொடுத்த விதையின் கன்று வேறோரிடத்தில் நிற்குமாயின், நம் காட்டிற்கு ஏதேனும் இடையூறு நேர்ந்த காலத்து, அங்கிருந்து நாம் திரும்பப் பெறலாம். பெண் கொடுத்த வீட்டில் நம் குலம் தழைப்பது போன்றது அது.

கல்கத்தாத் தோட்டத்துப் பேராலமரத்தைப் பற்றிப் பலர் கேள்வியுற்றிருப்பர். அதன் அடிமரம் நோயுற்றமையால் 1925-இல் அகற்றப்பட்டது. எனினும் நிலத்தில் ஊன்றிய எண்ணிறந்த விழுதுகளால் அம்மரம் இன்றும் ஒரு சோலையாக நிற்கின்றது. அஃது ஆலமரம், விழுதுடையது, பிழைத்தது. நம் காட்டிலுள்ள பாலைக்கும் காயாவிற்கும் விழுது இல்லை. அவற்றிற்கு விதை ஒன்றே விழுது. அவ்விதையை ஏந்தும் கையாக நாமிருத்தல் வேண்டும்.

மகாசபைக்கு இன்னும் நாட்கள் உள்ளன. அதற்குள் நம் உறுப்பினர் ஒவ்வொருவரும், குடும்பத்தோடு ஒருமுறை கோயிற்காட்டின் உள்ளே நடந்து பார்த்துவருமாறு கேட்டுக்கொள்கின்றோம். வழிபட்டுத் திரும்பிவிடாமல், குதிரைச் சிலைக்குப் பின்னுள்ள ஒற்றையடிப் பாதையில் வடக்கு மூலை வரையிற் செல்லுங்கள். பூசாரியாரை உடன் அழைத்துச் சென்று ஒவ்வொரு மரத்தின் பெயரையும் கேளுங்கள். அதன்பின் உங்கள் மனச்சான்று சொல்வதற்கேற்ப வாக்களியுங்கள். தீர்மானம் காட்டின் பக்கமாய் முடியுமாயின், வரும் ஆனி ஆடியில் நாவற்பழம் உதிருங் காலத்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கூடையுடன் வாருங்கள். பொறுக்கிய கொட்டையை அன்றைக்கே நாற்றங்காலில் ஊன்றிவிடுவோம்.